கடைமடைக்கு வந்த கிரேக்க நாரைகள்

1

எங்கள் தெருமுனையில் நின்ற சிவப்புத் தபால்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். டென்மார்க்கில் இனி தபால்துறை கடிதம் கொண்டு வராதாம். யாருக்காவது கடிதம் போட்டே தீரவேண்டும் என்றால் மளிகைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வேறொரு கம்பெனி பார்த்துக்கொள்ளும். பெட்டி நின்ற இடத்தில் போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. நான் அதன் முன்னால் துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இதுல கடைசியா எப்பப்பா லெட்டர் போட்டீங்க?" என்று கேட்டாள் என் மகள் கயல்.

யோசித்துப் பார்த்தேன். வரி அலுவலகத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போட்ட ஞாபகம். அதையும் அவர்கள், "கம்ப்யூட்டரில் அனுப்பவும்" என்று கம்ப்யூட்டரிலேயே பதில் அனுப்பித் திருப்பிவிட்டார்கள். மற்றபடி இந்தப் பெட்டிக்கு நான் ஒரு நன்மையும் செய்ததில்லை. கயல் என்னிடம் தமிழில் பேசுவது திட்டும்போது மட்டும்தான். அதனால் அவளுடைய தமிழ் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று நான் அவ்வப்போது ஏதாவது தப்புச் செய்துகொண்டிருப்பேன்.

ஆனால் அன்றைக்கு நிஜமாகவே தபாலில் போட ஒரு சாமான் வைத்திருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை அட்டைப் புத்தகம், ஒரு பழைய கிரேக்க நகைச்சுவை நாடகம், ஆங்கில மொழிபெயர்ப்பு. முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கும் என் சிநேகிதன் சுல்தானுக்கு அனுப்ப வேண்டும். நாடகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, நான் சொல்கிற கதை தப்பு என்று கடிதம் போடுவீர்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு இப்போது தபால்காரரும் இல்லை.

மளிகைக் கடையில், பால் டப்பாக்களுக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன, என்ன மதிப்பு, அன்பளிப்பா விற்பனையா, எந்த நாட்டில் தயாரானது என்று வரிசையாகக் கேட்டாள். எந்த நாட்டில் தயாரானது என்பதற்கு நான் கிரீஸ் என்றேன். கம்ப்யூட்டர் அதை ஏற்காமல் எந்த ஆண்டு என்றது. கிறிஸ்துவுக்கு முன் என்றேன். நான் டேனிஷ் பேச ஆரம்பித்தால் கயல் கடையின் மறுமூலைக்குப் போய் ஊறுகாய் பாட்டில்களை ஆராய்வது வழக்கம். அன்றும் போய்விட்டாள்.

அந்தப் பெண் உறையை ஒட்ட டேப்பை இழுத்தாள். "ஒட்டாதே, ரெண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும்," என்றேன் பதறிப்போய். ஏன் என்று கேட்டாள். "போஸ்ட் மாஸ்டர் பிரித்துப் பார்க்க வேண்டாமா?" என்றேன். அவள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் திறந்த உறையோடு ஒரு பழுப்பு நிறக் கிழவன் பிடிவாதம் பிடித்தால் இந்த நாட்டில் யாராயிருந்தாலும் மேனேஜரைத்தான் கூப்பிடுவார்கள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். வரும் வழியில் கயல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு டேனிஷில் கேட்டாள்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்னப்பா? கறுப்பு, சிவப்பு, நீலம்... இந்த ஊதா யாரோடது?"

2

கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். கோட்டையில் ஒரு கொடி, எங்கள் தெருவில் செங்கொடி. நான் மன்னார்குடியில் பி.ஏ. முடித்துவிட்டு, எங்கள் தெருவின் முதல் பட்டதாரி என்ற பெருமையோடு, வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். என் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய்க் கொண்டுவந்த நெல்லில் நான் இலக்கியம் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாலு பேர் ஒரு வாசகர் வட்டம் வைத்திருந்தோம். புத்தகம் வாங்க நாலு பேருக்கும் வக்கில்லை. ஆகவே தஞ்சாவூரில் இருந்த நடராஜன் பழைய புத்தகக் கடையில் ஒன்று வாங்குவான். படித்துவிட்டு மன்னார்குடிக்கு அனுப்புவான். அங்கிருந்து சுல்தானின் கடைக்கு வரும். கடைசியாக, உப்பளம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கிடக்கும் எங்கள் கிராமத்துக்கு வரும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள் இல்லையா, அதே ஒழுங்குதான். தலைமடை நடராஜன், கடைமடை நான். வேறு எப்படியாவது வரிசை வைக்கலாம் என்று நாலு பட்டதாரிகளில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. மன்னார்குடிக்காரன் மட்டும் எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே அடுத்தவனுக்கு அனுப்பிவிடுவான். அவனும் தேவைதான், புத்தகம் சீக்கிரம் நகரும்.

அனுப்புவது புக் போஸ்ட்டில். கட்டணம் குறைவு. ஆனால் உறையின் இரண்டு ஓரமும் திறந்திருக்க வேண்டும், உள்ளே கடிதம் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. தபால்காரர்கள் உருவிப் பார்ப்பார்கள், எழுத்து இருந்தால் அபராதம். நாங்களோ ஒரு பக்கம் படித்தால் பத்துப் பக்கம் பேசுகிற ஜாதி. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சிரிப்பு வந்த இடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பது. நடராஜனுடையது கறுப்புப் பென்சில். சுல்தான் மூட்டைக்குக் குறி போடும் சிவப்புப் பென்சில். என்னுடையது நீலம். புள்ளி எழுத்தாகாது என்பது எங்கள் சட்ட ஆலோசனை.

3

எங்கள் ஊர்த் தபால் ஆபீஸ் பெரிய வீட்டில் இருந்தது. கிளைத் தபால் அதிகாரியாக இருக்கச் சொந்த வீடும் வருமானமும் வேண்டும் என்றால் எங்கள் ஊரில் அவை சாம்பசிவம் ஒருவருக்குத்தான் இருந்தன. ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் அவருடையது. உச்சவரம்புச் சட்டம் வந்தபிறகு அந்த நிலங்கள் உறவுக்காரர்கள் பெயரிலும், தொட்டிலில் கிடந்த குழந்தைகள் பெயரிலும் இருந்தன என்றாலும் நெல் மட்டும் அவர் களத்துக்கே வந்தது. முன்கூடத்தில் ஒரு மேசை, முத்திரை, மைப்பெட்டி. ஆட்சி மாறியதும் அவரும் கரை வேட்டிக்கு மாறியிருந்தார்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் எனக்கு இருந்த பெரிய அரசியல் பிரச்சினை. எங்கள் தெருவில் பரம்பரையாக 'ஆண்டே' என்பார்கள். செங்கொடி விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தபிறகு அது நின்றுபோய், பெரியவர்கள் 'ஐயா'வுக்கு வந்திருந்தார்கள். எனக்கு ஐயாவும் தொண்டையில் சிக்கியது. ரொம்ப யோசித்து, அவர் அரசாங்கத் தபால் அதிகாரிதானே என்று 'சார்' என்று கூப்பிட்டேன்.

"சாரா?" என்றார் அவர். "எப்பலேர்ந்துடா?"

"போஸ்ட் மாஸ்டர்னா சார்தானே, சார்."

ஒரு வாக்கியத்தில் இரண்டு சார் போட்டுப் புரட்சியைப் பத்திரப்படுத்திக்கொண்டு நான் முற்றத்து வெயிலிலேயே நின்றேன். கூடத்துக்குள் எங்கள் தெருக்காரர்கள் ஏறக் கூடாது. இலாகா விதிகளில் அப்படி ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தத் தை மாதம் பச்சை அட்டைப் புத்தகம் அனுப்பிவிட்டதாகச் சுல்தான் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். தினமும் போய்ப் போய் நின்றேன். "வரல," என்பார். சுல்தானின் கடைத்தெருப் போஸ்டாபீஸிலிருந்து எங்கள் ஊருக்குத் தபால் பை வர ஒரு பொழுது போதும். அது வழியில் எங்கே போயிருக்கும் என்று புரியவில்லை. அவர் தபால் வேலைக்கு, எச்சில் பட்டால் மை போல எழுதும் ஊதாக் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுகிறவர். அந்த நாட்களில் அவர் உதடு வழக்கத்தைவிட ஊதாவாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், பி.ஏ. படித்த மூளைக்கு ஒன்றும் எட்டவில்லை.

புத்தகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அப்போது ஊரில் நடந்துகொண்டிருந்தது. சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் ஒரு படி கூடக் கேட்டு எங்கள் தெரு அரிவாளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. அவர் முடியாது என்றார். வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவேன் என்றார். எங்கள் வீட்டுப் பானையில் நொய்யும் தீர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு படி கிடைத்தால் அடுத்த நடவு வரைக்கும் கஞ்சி, கிடைக்காவிட்டால் அவரிடமே கடன். அவ்வளவுதான் கணக்கு.

4

இந்த இடத்தில் சுல்தானின் குரல் செய்தி ஒன்று வந்து என் எழுத்தை நிறுத்தியது. கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறான்.

"ஏண்டா மாரிமுத்து, கடையில பொட்டலம் கட்ட மாட்டேன்னாங்களா? நீ ஏண்டா இப்புடி இருக்கே? ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சு அனுப்பு, பேரன் பெருசாக்கிக் காட்டுவான். இல்லாட்டி நீயே படிச்சு அனுப்பு. அந்தப் பெரியவர் ஒத்தக் கால்ல நின்னாரே, அதை ஒருக்கா சொல்லு."

கயல் ஒரே சாயங்காலத்தில் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். நாலு பேர், ஒரு ஜில்லா, முறை வைத்து மாதக் கணக்கில் செய்த வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் விழாமல் விளக்கை நகர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் பங்களிப்பு அது.

5

பேச்சுவார்த்தைக்கு என்று ஒரு காலையில் எல்லோரையும் களத்துக்கு வரச் சொல்லியிருந்தார். என் அம்மா முன்வரிசையில் நின்றாள். சங்கத்தில் பேச ஆண்கள் இருந்தாலும் படியின் அளவு பற்றிப் பேச்சு வந்தால் அம்மாதான் பேசுவாள்.

சாம்பசிவம் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்து பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தார்.

"மாரிமுத்து, இங்க வா. இது உனக்கு வந்திருக்கு. அறுப்பு நிக்கிது, நீ தபால்ல இங்கிலீசுப் புத்தகம் வரவழைக்கிறே. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"இது கிரேக்க நாடகம், சார். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துனது."

"அப்ப பயம் என்னா? படி. தமிழ்ல சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

எனக்குக் கதை தெரியாது, புத்தகமே அப்போதுதான் முதல்முதலாகக் கையில் கிடைத்திருக்கிறது. பாய்ந்து பாய்ந்து படித்து, புள்ளி வைத்த இடங்களைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். ஏதென்ஸ் பக்கத்தில் ஒரு கிழட்டு மிராசு. வாற்கோதுமை முற்றி நிற்கிறது. நாரைகள் கூட்டமாக வந்து, "நாங்க வருசம் முழுக்க உன் வயல்ல பூச்சி பொறுக்குறோம், நத்தை பொறுக்குறோம். அறுப்பு வந்தா மட்டும் சூ சூன்னு விரட்டுறே. பங்கு குடு, இல்லாட்டி இனிமே பொறுக்க மாட்டோம்," என்கின்றன.

கூட்டம் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. இதை நிறுத்திவிடுவதுதான் புத்தி. ஆனால் எனக்கு மொழிபெயர்ப்பு நன்றாக வந்துகொண்டிருந்தது. வேலையில்லாதவனுக்கு முதல்முறையாக ஒரு கூட்டம் கிடைத்திருக்கிறது, விடுவேனா? கிழவன் கோர்ட்டுக்குப் போகிறான், நீதிபதி தூங்குகிறார். தூக்கத்தில் தீர்ப்புச் சொல்கிறார். எங்கள் தெரு சிரித்தது. பிறகு கிழவன், நாரை வேண்டாம் என்று வெளியூர்க் காக்கைகளைக் கூலிக்குக் கொண்டு வருகிறான். காக்கைகள் பூச்சியை விட்டுவிட்டுத் தானியத்தைத் தின்கின்றன.

"லாரியிலயா வந்துச்சு காக்கா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். களம் அதிர்ந்தது.

நான் பயந்துபோய்ச் சாம்பசிவத்தைப் பார்த்தேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார், ஆனால் மீசை ஆடியது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு வேடிக்கையும் நான் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் மீசை ஆட ஆரம்பித்துவிட்டது. குனிந்து பக்கத்தைப் பார்த்தேன். கறுப்பும் சிவப்பும் இருந்த இடங்களிலெல்லாம் பக்கத்தில் ஒரு ஊதாப் புள்ளி. நடராஜனுக்கும் சுல்தானுக்கும் சிரிப்பு வராத இடங்களிலும் ஊதா. கடைசிப் பக்கம் வரைக்கும் ஊதா. மனிதர் புத்தகம் முழுவதையும் படித்து, எங்கள் வழக்கத்தையும் தானே கண்டுபிடித்து, ஐந்தாவது உறுப்பினராகச் சேர்ந்திருந்தார். அந்தக் காலத்து இன்டர்மீடியட். அப்பா செத்ததும் படிப்பை விட்டுவிட்டு நிலத்துக்கு வந்தவர். அந்தப் பெரிய வீட்டில் அவர் தனியாகச் சிரித்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு என்னவோ பாவமாக இருந்தது. அது தப்பான நேரத்தில் வந்த பாவம்.

முடிவுக்கு வந்துவிட்டேன். கண்ணை ஓடவிட்டேன். இதை அவர் முகத்துக்கு நேராக, எங்கள் தெருவே நிற்கும்போது என்னால் சொல்ல முடியாது. நாளைக்கு என்ன ஆகும்? புத்தகத்தை மூடினேன்.

"அவ்வளவுதான், சார்."

"என்னடா அவ்வளவுதான்? இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

"சும்மா பாட்டுதான், சார்."

"பாட்டா? அதுலதான்டா விசயமே இருக்கு!" என்று எழுந்துவிட்டார். அவரால் தாங்க முடியவில்லை. ஒரு கதையின் முடிவு தெரிந்தவன் அதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாசகர்களுக்குத்தான் தெரியும். புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் நாரை மாதிரி நின்றார்.

"நாரைத் தலைவி இப்புடி நிக்கிறா. நகர மாட்டேங்கிறா. கெழவன் சுத்திச் சுத்தி வர்றான், கெஞ்சுறான், மெரட்டுறான். கடைசியில களத்துல எறங்கி, எடுத்துக்குங்கன்னு பங்கை அளந்து போட்டுடுறான்! போட்டுட்டு, 'இதுக்கா இவ்வளவு நாள் நான் தூங்காம கெடந்தேன்'ங்கிறான். அப்பறம் எல்லாருக்கும் விருந்து!"

கையை விரித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. ஊதா நாக்கு தெரிந்தது. ஒரு மூச்சு நேரம் அவர் நிலச்சுவான்தாராக இல்லை, நல்ல இடத்தைச் சொல்லிவிட்ட வாசகராக மட்டும் இருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சரிங்கய்யா. எங்களுக்கு விருந்தெல்லாம் வேணாம். பங்கு போதும்."

அவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார். "ஏய், அது நாடகம்!"

"தெரியுதுங்க. நீங்கதானே சொன்னீங்க."

அவர் புத்தகத்தை என் மேல் எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நாளில் கடல் பக்கம் மேகம் கட்டியது. லாரி வரவில்லை. பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து, கலத்துக்கு ஒரு படி கூட, விடிந்ததும் இறங்குங்கள் என்றான். மழைக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை என்று சொல்லச் சொன்னாராம். செய்தி கேட்டு நடராஜன் தஞ்சாவூரிலிருந்து, காசைப் பார்க்காமல் உறையில் வைத்துக் கடிதமே எழுதினான்: 'தோழா, இலக்கியம் வென்றது. புத்தகம் கடைமடையிலேயே இருக்கட்டும்.' நானும் இந்த நாட்டில் எத்தனையோ விருந்துகளில், மதுக்கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிரேக்க நாடகத்தால் கூலி உயர்ந்த கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அம்மாவிடம் அன்றைக்கே நடராஜன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "பட்டினி கெடந்தது நாங்க," என்றாள்.

6

கதையைக் கேட்டு முடித்துவிட்டுக் கயல் நேராகக் கேட்டாள்: "அவர் நல்லவரா கெட்டவராப்பா?"

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரிந்தாக வேண்டும். திட்டாமல் தமிழில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள் என்ற சந்தோஷத்தில், இதுவரை எந்த விருந்திலும் சொல்லாததைச் சொன்னேன்.

மாசி மாதம், நல்ல வெயில். முறைப்படி அடுத்த புத்தகம் எனக்கு வந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சாம்பசிவம் எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார். அவரோ அவர் அப்பாவோ எங்கள் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. நாய்கள் குரைத்தன. பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தன. சரித்திரம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது என்றே நினைத்தேன், உட்கார வைக்க ஒரு நாற்காலி கிடைக்குமா என்று நாலு பக்கமும் பார்த்தேன்.

"இது நேத்து வந்துச்சு. இன்னும் பிரிக்கல," என்று உறையை நீட்டினார். "நீ முதல்ல படி. எப்புடி இருக்குன்னு வந்து சொல்லு. கூடத்துல உக்காந்து பேசலாம்."

கூடத்தில் என்றுதான் சொன்னார். என் காது தப்பாகக் கேட்கவில்லை.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வயலோடு நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது, உதடு காய்ந்திருந்தது. அம்மா உள்ளே போய், புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்கய்யா. வெயில்ல வந்திருக்கீங்க."

அவர் சொம்பைப் பார்த்தார். வலது கை மேலே வந்தது. வந்த கை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தது.

"இப்பதாம்மா குடிச்சுட்டு வந்தேன்," என்றார். அம்மாவை அவர் அம்மா என்று கூப்பிட்டது அன்றுதான். திரும்பி, வந்த வழியே நடந்தார்.

நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெரு முடிகிற இடத்தில் வாய்க்கால். மாசியில் அதில் மாடு இறங்கிக் கலக்கிய தண்ணீர்தான் கொஞ்சம் மிச்சம் கிடக்கும். அவர் அங்கே இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார்.

அம்மா கையில் சொம்பு அப்படியே இருந்தது.

"பாவம், தாகமாத்தான் இருந்திருக்கு," என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள்.